உலர்ந்த முடிச்சு

கண்ணி விட்டுக் கட்டுவதா, மூக்கோடு இறுக்கிக் கட்டுவதா என்று கஸ்பார் கால்மணி நேரமாக, தூண்டிலில் இரையாகக் கட்டுகிற அந்தச் சிவப்புத்தலைப் பொய்மீனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. நெளிந்து நெளிந்து ஓடவேண்டிய மீனுக்கு மூக்கு வளையத்தில் தாராளமாகக் கண்ணி விட வேண்டும், இறுக்கிக் கட்டினால் அது கழுத்தில் கயிறு போட்ட ஆடு மாதிரி விறைத்துக்கொண்டு வரும், எந்தப் பாரை மீனும் திரும்பிப் பார்க்காது. வேகமாக இழுக்கிற தகர மீனுக்குத்தான் இறுக்குமுடிச்சு. தங்கூசி என்கிற நைலான் நரம்பு தடித்தது என்றால் மூன்று சுற்று, மெலிந்தது என்றால் ஐந்து, ஆறு. சுற்றிவிட்டு நுனியை வந்த வழியே திருப்பிக் கோத்து, வாயில் வைத்து எச்சிலால் நன்றாக நனைத்து, அப்புறம்தான் இழுக்க வேண்டும். நனைக்காமல் இழுத்தால் நரம்போடு நரம்பு உரசிச் சூடேறி உள்ளுக்குள் வெந்துபோகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பளபளவென்று அழகாக உட்கார்ந்திருக்கும், பெரிய மீன் ஒன்று வாய் வைத்து ஒரு வெட்டு வெட்டும்போதுதான் தெரியும். தூத்துக்குடிக்குத் தெற்கே இந்தக் கரை முழுக்க இது தெரியாத ஆள் கிடையாது. எச்சில் வைக்காத முடிச்சு என்றால் கை கழுவாமல் பந்தியில் உட்கார்ந்தது போல ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எச்சில். அந்த இடத்துக்கு வந்துதான் ஒவ்வொரு தடவையும் கஸ்பாரின் கை நின்றுபோகிறது. வாயில் எச்சில் இருந்தால் அல்லவா வைப்பதற்கு. ஏழு மாதமாக அவன் வாய்க்குள் இருப்பது நாக்கா, அடுப்பில் மறந்துபோய்க் கருகிய ரொட்டித் துண்டா என்று அவனுக்கே சந்தேகம். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் இருந்தது. பொண்டாட்டி பிரகாசி வைத்துவிட்டுப் போயிருந்தாள். முடிச்சை அதில் முக்கி இழுத்தால் போதும், தண்ணீரும் எச்சிலும் நரம்புக்கு ஒன்றுதான் என்று அவள் சொல்லுவாள். அவளுக்கு என்ன தெரியும். முக்குவதற்கும் வாயில் வைப்பதற்கும் வித்தியாசம் இல்லை என்றால் அந்த டம்ளரையே கடலுக்கு அனுப்பிவிடலாமே, கஸ்பார் எதற்கு.

வாயில் வந்த புற்றுக்கட்டிக்கு முப்பத்துமூன்று நாள் கரண்டு வைத்தார்கள், கதிர் வைத்தியத்துக்கு ஊரில் அதுதான் பெயர். முகத்துக்குக் கண்ணி கண்ணியாக ஒரு பிளாஸ்டிக் முகமூடி, அதை மாட்டி மேசையோடு சேர்த்துத் திருகிவிட்டு எல்லாரும் அறையை விட்டு ஓடிவிடுவார்கள். எல்லாரும் ஓடிப்போகிற அறையில் ஒருவனை மட்டும் படுக்க வைத்தால் அதற்குப் பெயர் வைத்தியமாம். கண்ணியின் உள்ளே இருந்து வெளியே பார்ப்பது எப்படி இருக்கும் என்று முப்பது வருடமாக மீன்களிடம் கேட்காமல் விட்டதை அந்த முப்பத்துமூன்று நாளில் கேட்டுத் தெரிந்துகொண்டான். கட்டி போய்விட்டது. கூடவே எச்சில் போயிற்று, ருசி போயிற்று, பேச்சு பாதி போயிற்று. கடைக்குப் போய் அவன் ஏதாவது கேட்டால் கடைக்காரன் பிரகாசியைப் பார்த்துப் பதில் சொல்கிறான். உயிரோடு இருக்கிற ஆளை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவளிடம் பதில் சொல்வது என்ன மரியாதையோ. விரல் நுனிகளில் துணி சுற்றியது போல ஒரு மதமதப்பு இருக்கிறது, ஊசி மருந்தால் வருவது, போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். சரியாகிவிட்டது. ஏறக்குறைய சரியாகிவிட்டது. சட்டைப் பொத்தான் போடத்தான் கொஞ்சம் நேரம் ஆகிறது. முடிச்சு வேறு, பொத்தான் வேறு. முடிச்சைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவான், அது விரலில் இல்லை, அது எங்கேயோ உள்ளே இருக்கிறது, கரண்டு எட்டாத இடத்தில். இதோ நாலு மீன் கட்டி முடித்தாயிற்று. தகர மீன் ஒன்று, நீல முதுகு இரண்டு, மஞ்சள் வரி போட்டது ஒன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையும் விரித்த ஒரு பாக நீளம் நரம்பு, சுருட்டிச் சுருட்டிப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. நாலையும் டம்ளரில் முக்கித்தான் கட்டினான். முக்கும்போது ஒவ்வொரு தடவையும் யாரோ தன் வேலையைத் தனக்குப் பதிலாகச் செய்துவிட்டுப் போவது போல இருந்தது. இனி இந்தச் சிவப்புத்தலை மட்டும். இதுதான் முக்கியம். இன்று சாயங்காலம் மெல்கி கேமராவுக்கு முன்னால் வீசப் போவது இதைத்தான்.

மெல்கி. பாரை மெல்கி. கூடப் பிறந்த தம்பிக்கு ஊர் வைத்திருக்கிற பெயர். போன வருடம் வரைக்கும் மெல்கியோர் என்றாலே யார், கஸ்பார் தம்பியா என்றுதான் கேட்பார்கள். வள்ளத்தின் முன்முனையில், முன்னணியத்தில் கஸ்பார் நிற்பான், தூண்டில் அவன் கையில் இருக்கும், மெல்கி பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கையைக் காட்டுகிற பக்கம் திருப்புவான். அவ்வளவுதான் மெல்கி. கஸ்பார் ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்க முடியாமல் கிடந்த நேரம் பார்த்து அவன் முன்னணியத்துக்கு ஏறிவிட்டான். யாராவது ஏறித்தானே ஆகவேண்டும், கடல் காத்துக்கொண்டா இருக்கும் என்று பிரகாசி சொன்னாள். ஏறட்டும். ஏறினவன் இறங்கவேண்டாமா. கஸ்பார் வீட்டுக்கு வந்து ஏழு வாரம் கழித்து, நானும் வாரேன்ல என்று கரைக்குப் போனபோது, ஒடம்பு தேறட்டும்ணே, வெயில் ஆவாது என்றான். நல்ல பிள்ளை. எவ்வளவு கரிசனம். அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்து பொய்மீனுக்கு முடிச்சு கட்டிக் கொடுப்பது மட்டும்தான் கஸ்பாருக்கு. மறுமாதம் முப்பத்திரண்டு கிலோவில் ஒரு பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐஸ் கம்பெனிச் சுவரில் போட்டோ, எல்லார் போனிலும் போட்டோ, மெல்கி பல்லைக் காட்டிக்கொண்டு மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான், பொண்டாட்டியைக்கூட அப்படிப் பிடித்திருக்க மாட்டான். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிற்று. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், முடிச்சு யார் போட்டது என்று கேட்டானா? முப்பத்திரண்டு கிலோ. அந்த மீனுக்கும் மெல்கிக்கும் நடுவில் என்ன இருந்தது? ஒரு சுண்டுவிரல் நகம் அளவு முடிச்சு. அதை இந்த வீட்டில், இந்தப் பாயில், இந்தக் கை கட்டியது. பாரை அரைமணி நேரம் அதைப் பிடித்து வெட்டி வெட்டிப் பார்த்திருக்கிறது, பாறைக்குள் இழுத்துப் பார்த்திருக்கிறது, அது அசையவில்லை. கஸ்பார் அசையவில்லை. போட்டோவில் தெரியாவிட்டாலும் மீனின் வாய் ஓரத்தில் கஸ்பார் இருக்கிறான். கடலில் அவனுக்கு என்று மிச்சம் இருக்கிற இடம் அந்த அளவுதான். இதை நினைத்துத்தான் அவன் கஞ்சி குடிக்கிறான், இதை நினைத்துத்தான் காலையில் எழுந்திருக்கிறான். பிரகாசியிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மெதுவாக, முடிச்சு நல்லா நின்னிருக்கு என்னா, என்று மட்டும் கேட்டான். ஆமா, நின்னிருக்கு என்றாள், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளுக்கும் மெல்கிதான் பெரிது.

இப்போது கோயம்புத்தூரில் இருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்திருக்கிறார்கள். மெல்கி பாரை பிடிப்பதைப் படம் பிடித்து நாடு முழுக்கக் காட்டப் போகிறார்களாம். காலையில் இந்தத் தெரு வழியாகத்தான் போனார்கள், ஒரு குடையும் மூன்று பெட்டியும். கஸ்பார் வாசலில்தான் நின்றான். மெல்கி அண்ணன் வீடு எது என்று அவனிடமே கேட்டார்கள். மெல்கி அண்ணன். கையை நீட்டிக் காட்டினான். நல்லவேளை, அதற்கு நாக்கு தேவைப்படவில்லை. நல்ல முடிச்சின் தலைவிதியே இதுதான். நின்றால் எவனும் அதைப் பார்ப்பதில்லை, மீனைப் பார்ப்பான், கம்பைப் பார்ப்பான், பிடித்தவன் மூஞ்சியைப் பார்ப்பான். அறுந்தால் மட்டும்தான் எல்லாக் கண்ணும் முடிச்சுக்கு வரும். யாருல கட்டினது என்று அப்போதுதான் வாய் திறக்கும். அப்படியென்றால். கஸ்பார் சிவப்புத்தலையின் மூக்கு வளையத்தில் நரம்பைக் கோத்தான். அப்படியென்றால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அறுந்தால்தான், இத்தனை நாள் அறுக்காமல் வைத்திருந்தது யார் என்று தெரியும். ஒரு சுற்று. கேமரா ஓடிக்கொண்டிருக்கும், பாரை வாயை வைக்கும், மெல்கி கம்பை வளைத்துக்கொண்டு பல்லைக் காட்ட ஆரம்பிப்பான். இரண்டாவது சுற்று. டப் என்று ஒன்றுமில்லாமல் போகும். நாடு முழுக்கப் பார்க்க மூக்கறுபடுவான். என்ன அண்ணே ஆச்சு என்று கோயம்புத்தூர்க்காரன் கேட்பான், மெல்கி என்ன சொல்வான்? முடிச்சு எங்க அண்ணன் கட்டினது என்பான். சொல்லித்தானே ஆகவேண்டும். அந்த வாயால் அது வந்தே தீரவேண்டும். மூன்றாவது சுற்று, நுனியைத் திருப்பிக் கோத்தாயிற்று. டம்ளர் பக்கத்தில் இருக்கிறது. முக்கினால் நல்ல முடிச்சு, முக்காவிட்டால் கெட்ட முடிச்சு, நடுவில் வேறு ஒன்றும் இல்லை. சின்னத் தப்பு, பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் சாமியாருக்கு இது பாவம் என்றே புரியாது; நரம்பை நனைக்கவில்லை சாமி என்றால் சிரித்துவிட்டு அடுத்ததைச் சொல்லு என்பார். ஆனால் இந்தக் கரையில் எவனும், பகையாளிக்குக்கூட, இதைச் செய்திருக்க மாட்டான். வலையைக் கிழித்திருக்கிறார்கள், எஞ்சினில் உப்பைப் போட்டிருக்கிறார்கள், கத்தியை எடுத்திருக்கிறார்கள். உலர்ந்த முடிச்சை ஒருவன் கையில் கொடுத்துக் கடலுக்கு அனுப்பியதாகக் கஸ்பார் கேள்விப்பட்டதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கர்ரென்று ஒரு சத்தம், நனைத்த முடிச்சு அந்தச் சத்தம் போடாது. விரலுக்குச் சூடு தெரியவில்லை. உதட்டில் வைத்துப் பார்த்தான். சுட்டது. மிச்ச நுனியை நறுக்கினான். பார்க்க அழகாக இருந்தது, இதுவரை கட்டியதிலேயே இதுதான் அழகு.

“கட்டிட்டியளா? மெல்கி மூணரைக்கு எறங்கணும்னாவ,” என்று பிரகாசி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் தலையை ஆட்டினான். அவள் பெட்டியை மூடும்போது அவனையே பார்த்தாள். “தண்ணி குடிச்சியளா? ஒதடு வெடிச்சிருக்கு பாருங்க.” உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சூடு வைத்த இடம். அவள் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள், செருப்புச் சத்தம் தெருவில் கொஞ்ச தூரம் கேட்டது, அப்புறம் இல்லை. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்ததும் மனசுக்குள் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தான். மெல்கி மூக்கறுபட்டு நிற்பதைத் திரும்பவும் நினைத்துப் பார்த்தான். முதல் தடவை நினைத்தபோது இருந்த ருசி இல்லை. கம்பு வளைகிறது, நரம்பு அறுகிறது, மெல்கி திரும்பிப் பார்க்கிறான். அந்தத் திரும்பிப் பார்க்கிற முகம்தான் தொந்தரவாக இருந்தது. கரண்டு வைக்கிற அறையின் வாசலில் ஒரு நாள் அதே முகத்தோடு நின்றான். ஆஸ்பத்திரிக்கு இரண்டே தடவைதான் வந்தான், இதை ஆயிரம் தடவை பிரகாசியிடம் சொல்லிக் காட்டியாகிவிட்டது. இரண்டாம் தடவை வரும்போது தூக்குவாளியில் நெய்மீன் குழம்பு கொண்டுவந்தான். மூக்கில் குழாய் சொருகிக் கிடக்கிறவனுக்குக் குழம்பு. மடையன். குழாயைப் பார்த்துவிட்டு, வாளியைப் பார்த்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டான், உள்ளே வரவே இல்லை. அழுதானா என்று தெரியாது, முதுகுதான் தெரிந்தது. முன்னணியத்தில் நிற்கிறவன் முழு பலத்தோடு பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருக்கும்போது நரம்பு அறுந்தால் பின்னால் விழுவான். பின்னால் எஞ்சின். இல்லை, நடுவில் பலகை இருக்கிறது, பலகையில்தான் விழுவான். பலகை போட்டிருக்கிறானா, கேமராக்காரர்கள் நிற்க இடம் வேண்டும் என்று எடுத்துவிட்டானா? சின்னப் பிள்ளையிலேயே அவனுக்குக் கால் நிற்காது, ஆடுகிற வள்ளத்தில் ஆடிக்கொண்டே இருப்பான், கஸ்பார்தான் அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். மணி மூன்று இருபது. கஸ்பார் எழுந்தான், சட்டையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான், பொத்தான் போட நேரம் இல்லை. போய் என்ன சொல்வது? சிவப்புத்தலையில் நரம்பு சரியில்லை, கொடு மாத்திக் கட்டுதேன் என்று சொன்னால் போதும். யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். வெயில் மண்டையைப் பிளந்தது. வாய் காய்ந்து நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாதா சிலை வைத்த கெபியைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக மணலில் இறங்கினான். எல்லாவற்றுக்கும் மேல், பயந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட, உள்ளுக்குள் ஒரு மூலையில் பெருமையாகத்தான் இருந்தது, தன் கையில் அவ்வளவு இருக்கிறதே என்று.

கேமராக்காரர்கள் தூரத்தில் தண்ணீர் ஓரமாகக் குடையை விரித்துக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தின் நிழலில் மெல்கி முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான், எதிரே பெட்டி திறந்து கிடந்தது. கஸ்பார் கூப்பிட வாயெடுத்தான், நாக்கு வரவில்லை, அதனால் பார்த்துக்கொண்டு நிற்கும்படி ஆயிற்று. மெல்கி பெட்டியில் இருந்து நீல முதுகை எடுத்தான். நகவெட்டியை மூக்கு வளையத்தின் பக்கத்தில் வைத்து நரம்பை நறுக்கினான். முடிச்சு மணலில் விழுந்தது. நரம்பின் நுனியை வளையத்தில் கோத்து மூன்று சுற்று சுற்றித் திருப்பி விட்டான், வாயில் வைத்துப் பிள்ளைக்கு முத்தம் கொடுப்பது போல நனைத்தான், இழுத்தான். மஞ்சள் வரியை எடுத்தான். நறுக்கினான். கோத்தான். சுற்றினான். வாயில் வைத்தான். சிவப்புத்தலை ஏற்கெனவே முடிந்து பக்கத்தில் ஒரு துணியில் கிடந்தது, அதன் மூக்கில் புது முடிச்சு ஈரமாக மின்னியது. தகர மீனும் இன்னொரு நீல முதுகும் முடிந்திருந்தன. அவசரம் இல்லாமல், தினமும் செய்கிற வேலையைச் செய்கிற மாதிரி செய்துகொண்டிருந்தான்.

“ஏல.”

மெல்கி திரும்பினான். நகவெட்டியை உள்ளங்கைக்குள் மூடினான். “வெயில்ல எதுக்குண்ணே வந்த?”

“என்னல செய்த?”

“ஒண்ணுமில்ல. நரம்பு கொஞ்சம் மங்கலா இருந்துச்சு, அதான்.”

“நரம்பு புதுசு. நேத்து நீதான வாங்கிக் குடுத்த.”

மெல்கிக்குப் பொய் சொல்ல வராது, எப்போதும் வந்ததில்லை. கையில் இருந்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எப்பருந்து?”

“விடுண்ணே.”

“எப்பருந்துன்னு கேக்கேன்.”

“நீ மொத மொதல்ல கட்டிக் குடுத்தியே, அதுலருந்து. ஒரு நெய்மீன் கைக்கிட்ட வந்து உருவிட்டுப் போயிருச்சு. அறலண்ணே, உருவிருச்சு. பெறவு மிச்சத்த ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்தேன். எல்லாம் வந்துச்சு.” அவன் கடலைப் பார்த்துச் சொன்னான். “ஒன் வெரல் இன்னும் தேறலண்ணே. சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு, ஒனக்குத் தெரியல. நா மைனிட்ட சொன்னேன். அவுகளுக்குத் தெரிய வேண்டாம், கட்டிட்டு இருக்கட்டும், இதையும் புடுங்கிட்டா மனுசன் என்னத்துக்கு இருப்பாவன்னு மைனி அழுதுட்டாவ.”

கஸ்பாருக்குக் கேட்கவேண்டியது ஒன்றுதான் இருந்தது. கேட்காமல் போய்விடலாம் என்றும் இருந்தது. “அந்தப் பாரை?”

மெல்கி துணியில் கிடந்த சிவப்புத்தலையின் ஈர முடிச்சை விரலால் தடவினான். அதற்கு ஒரே அர்த்தம்தான். கஸ்பார் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். தன்னிடமிருந்து தம்பி திருடிவிட்டான் என்று இத்தனை மாதம் நெஞ்சு வெந்தானே, அந்தப் பொருள் தன்னிடம் இருந்ததே இல்லை. போட்டோவில் மீனின் வாய் ஓரத்தில் இருப்பது மெல்கியின் எச்சில். கோபப்படக்கூட இடம் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து அவ்வளவு நல்லவர்களாக இருந்திருக்கிறார்கள். பிரகாசி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனது எதற்கென்று இப்போது தெரிந்தது, ஏன் தெரிந்தது என்று இருந்தது. ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது, அதையாவது தன் கையால் கொடுத்துவிட வேண்டும் போல வந்தது. அடித்தாலும் அடிக்கட்டும், காறித் துப்பினாலும் துப்பட்டும், இவர்கள் பரிதாபப்படுகிற ஆள் இல்லை தான் என்று தெரியட்டும்.

“மெல்கி. அஞ்சுல ஒண்ண நா வேணும்னே கெடுத்தேன்ல. ஒலரக் கட்டினேன். கேமராவுக்கு முன்ன ஒன் மானம் போவட்டும்னு.”

மெல்கி அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். கோபம் வரும் என்று கஸ்பார் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை. மெல்கி மணலில் கிடந்த முடிச்சுகளைப் பார்த்தான், திரும்ப அண்ணனைப் பார்த்தான்.

“எதுண்ணே?” என்றான். கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான்.

கஸ்பார் மணலில் முழங்காலிட்டு, நறுக்கிப் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். விரலுக்கு முடிச்சு எது, மணல் எது என்று பிடிபடவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. நாலைப் பொறுக்கியதும் மெல்கி மஞ்சள் வரியை ஓரமாக வைத்துவிட்டுத் தானும் குனிந்து ஐந்தாவதைத் தேடி எடுத்து அண்ணன் கையில் வைத்தான். உள்ளங்கையில் பரப்பி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தான் கஸ்பார். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் தூரத்தில் இருந்து, போலாமாண்ணே, என்று மெல்கியைக் கூப்பிட்டான். ஐந்து முடிச்சிலும் சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தான் கெடுத்தது எது என்று கஸ்பாருக்குத் தெரியவில்லை.